பச்சைப்பட்டினியும் அறுபது மீட்டரும்

மார்ச் 10, செவ்வாய்

இன்று விடியற்காலை வீட்டில் இருந்தவர்கள்: நான், தையல்நாயகி, பூஜை மாடத்தின் முன்னால். என் கணவர் வைரப்பன், மாடி அறையில், காதுக் கருவியைக் கழற்றி வைத்துவிட்டுத் தூக்கத்தில். மகன் பிரகதீஷ், கூடத்தை ஒட்டிய அறையில். வாசலுக்கு வெளியே, ஜன்னல் திரை இடுக்கில் தெரிந்த ஓர் ஆணும் ஒரு பெண்ணும், கழுத்தில் அடையாள அட்டை, கையில் நீலப் பெட்டி. வேறு யாரும் இல்லை.

வந்தவர்கள் ஊக்கமருந்துச் சோதனைக்காரர்கள். போன ஆடி மாதமும் வந்தார்கள். பிரகதீஷ் நூறு மீட்டர், அறுபது மீட்டர் ஓடுகிறவன். பெரிய ஓட்டக்காரன் ஆகிவிட்டால், தினமும் எந்த ஒரு மணி நேரம் எங்கே இருப்பேன் என்று முன்கூட்டியே போனில் பதிந்துவைக்க வேண்டுமாம். அந்த நேரத்தில் சொல்லாமல் வந்து சிறுநீர் கேட்பார்கள். ஆடியில் வந்த ஆள் என் மகனோடு குளியலறைக்குள்ளேயே போய் நின்று பார்த்தார். பிறகு அந்தப் புட்டியைக் கொண்டுவந்து என் சாப்பாட்டு மேசையில், ரசச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவியும் அந்த மேசையில் இலை போட எனக்கு மனம் வரவில்லை. இப்போது அதில் இஸ்திரி போடுகிறோம்.

போன ஞாயிற்றுக்கிழமை சமயபுரத்தில் பூச்சொரிதல் ஆரம்பம். அன்றிலிருந்து அம்மனுக்குப் பச்சைப்பட்டினி. இருபத்தெட்டு நாள் சமைத்த நைவேத்தியம் கிடையாது, பச்சரிசியும் வெல்லமும் இடித்த துள்ளுமாவும் இளநீரும் பானகமும் நீர்மோரும்தான். நம் பிள்ளைகளுக்காக அவள் பட்டினி கிடக்கிறாள். அவளோடு நானும். மஞ்சள் புடவை, கையில் காப்பு. காலையில் விளக்கேற்றியதிலிருந்து கற்பூரம் காட்டும்வரை எழுந்திருப்பதில்லை, வாய் திறப்பதில்லை. தெருவுக்கே தெரியும். பால்காரர்கூடக் கதவைத் தட்டாமல் பையில் போட்டுவிட்டுப் போவார்.

விளக்கேற்றிக் கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது. நான் உட்கார்ந்த இடத்திலிருந்து பிரகதீஷின் அறை பாதி தெரியும். போர்வை தலைவரை மூடியிருந்தது. கால்கள் இரண்டும் தரையில் ஊன்றி இருந்தன. அசந்து தூங்குகிறவன் எப்படி வேண்டுமானாலும் கிடப்பான்.

மறுபடி மணி. கதவில் தட்டல். ஒரு பெண் குரல், "மிஸ்டர் பிரகதீஷ்" என்று. கட்டிலில் அவன் போன் சத்தமில்லாமல் வெளிச்சம் போட்டு அணைந்தது. இன்னொரு முறை போட்டது, அணைந்தது.

நூற்றெட்டுப் போற்றியை மனதுக்குள் சொல்லி முடித்தேன். முடித்ததும் கற்பூரம் காட்டுவது வழக்கம். இன்று மறுபடி முதலிலிருந்து சொன்னேன். முதல் தடவை மனம் நிற்கவில்லை, அதனால்.

கற்பூரம் காட்டிவிட்டுக் கதவைத் திறந்தபோது வாசலில் பால் பை மட்டும்தான் இருந்தது. பிரகதீஷ் கொட்டாவி விட்டபடி வந்தான்.

"போயிட்டாங்களாம்மா?" என்றான்.

காப்பி போட்டுக் கொடுத்தேன்.

கணக்கு: பால், வெல்லம், இளநீர். பிரகதீஷுக்குக் கோழி அவன் அப்பா வாங்கினார், பின்கட்டில் அவரே சமைத்தார்.


மார்ச் 11, புதன்

ஃப்ரிட்ஜ் துடைத்தேன். தயிர்ச் சட்டிக்குப் பின்னால் ஒரு சில்வர் டப்பா. என் வீட்டுப் பாத்திரம் எல்லாவற்றிலும் பெயர் வெட்டியிருக்கும், இதில் பெயர் இல்லை. திறந்தேன். ஐஸ் பொட்டலத்தின் மேல் ரப்பர் மூடி போட்ட சின்னக் கண்ணாடிக் குப்பிகள், உறை பிரிக்காத ஊசிகள். ஓரத்தில் பிரித்த ஊசி ஒன்று, பஞ்சில் சுற்றியது. பஞ்சில் காய்ந்த ரத்தம்.

அதை ஒட்டித்தான் அம்மன் அபிஷேகத்துக்கு எடுத்துவைத்த பால் இருந்தது. பாலைச் சாக்கடையில் கொட்டினேன். அந்தத் தட்டைக் கழற்றிப் புளி போட்டுத் தேய்த்தேன்.  

பிரகதீஷ் பின்னால் வந்து நின்றான்.

"அதுல கை வைக்காதீங்கம்மா. வைட்டமின். மாஸ்டர் குடுத்தது."

"வைட்டமினுக்கு எதுக்குப்பா தயிருக்குப் பின்னால இடம்?"

"சில்லுனு இருக்கணும்மா. அவ்வளவுதான். எதுக்கெடுத்தாலும் கேள்வி."

குப்பியில் இருந்த பெயரைப் படித்தேன். எட்டாவதோடு என் பள்ளிப்படிப்பு நின்றது. ஆங்கிலம் அவன் பள்ளிக்கூடப் புத்தகங்களை வைத்து, அவனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதற்காக நானாகக் கற்றுக்கொண்டது. எழுத்துக் கூட்டிப் படிக்க வந்தது. அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். இது அம்மன் படம் ஒட்டிய நோட்டு.


மார்ச் 12, வியாழன்

சோதனைக்காரர்கள் ஆபீஸிலிருந்து மெயில் வந்துவிட்டது. சொன்ன நேரத்தில் சொன்ன இடத்தில் ஆள் கிடைக்கவில்லை என்று. ஐப்பசியில் ஒன்று, மார்கழியில் ஒன்று என்று ஏற்கெனவே இரண்டு தடவை இப்படி ஆகியிருக்கிறதாம். எனக்கு இன்றுதான் தெரியும்.

சாயங்காலம் தனசேகர் மாஸ்டர் வந்தார். பிரகதீஷுக்குப் பயிற்சி கொடுப்பவர். ஷூவைக் கழற்றாமல் கூடத்துக்குள் வந்து, நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டார். ஷூவின் அடியில் ஆணி மாதிரி என்னமோ. தரையில் கீறல் விழுந்தது.

"மூணாவது மிஸ் அம்மா. வருஷத்துக்குள்ள மூணு ஆச்சுன்னா ரெண்டு வருஷம் ட்ராக்ல காலே வைக்க முடியாது. வேலையும் போயிரும், ஸ்போர்ட்ஸ் கோட்டால வந்த வேலைதான."

என் கணவர் பதறினார். "அப்ப இப்ப உலகப் போட்டிக்குப் போக முடியாதா சார்?"

"போலாம் சார். விளக்கம் சொல்ல டைம் குடுப்பாங்க. அது முடியற வரைக்கும் ஓடலாம். விளக்கத்த ஏத்துக்கிட்டாங்கன்னா இந்த மிஸ்ஸே கணக்குல கிடையாது." என் பக்கம் திரும்பினார். "அதுக்குத்தான் அம்மா வேணும்."

"நான் என்ன செய்யணும்?"

"பெருசா ஒண்ணுமில்ல. வர்ற இருபத்துமூணாந்தேதி, திங்கக்கிழமை, சோதனை ஆபீஸ்லேருந்து ஒரு மேடம் உங்களுக்குப் போன் பண்ணுவாங்க. விடியக்காலைலேருந்து வாசலுக்கு நேரா பூஜைல உக்காந்திருந்தேன், பெல் அடிக்கல, யாரும் கதவத் தட்டல, வேற வீட்டுக்குப் போயிருப்பாங்கன்னு சொல்லுங்க. முடிஞ்சுது."

"பெல் அடிச்சுதே."

மாஸ்டர் என் கணவரைப் பார்த்தார். 

"பக்கத்து வீட்டு பெல்லா இருக்கும்" என்றார் என் கணவர். காதுக் கருவி இல்லாமல் மாடியில் தூங்கியவர்.

மாஸ்டர் சிரித்தார். "அம்மா, இந்த உறையூர்ல யாரைக் கேட்டாலும் சொல்றாங்க, தையல்நாயகி அம்மா வாய்ல பொய் வராதுன்னு. அதனாலதான் உங்கள கேக்கறேன். சார் சொன்னாலோ நான் சொன்னாலோ நம்புவாங்களா?"

பொய் சொல்லாதவள் என்பதற்காகவே என்னைப் பொய் சொல்லச் சொல்கிறார். தட்டில் வைத்த முறுக்கை எடுத்துக் கடித்தார். அம்மனுக்குப் படைக்க முடியாத மாதத்தில் இவருக்காகப் பொரித்த முறுக்கு.

பிரகதீஷ் போனைப் பார்த்தபடியே முதுகைச் சுவரில் தேய்த்துக்கொண்டிருந்தான். பனியன் விலகிய இடத்தில் பார்த்தேன். முதுகு முழுக்கச் சீழ் கோத்த பருக்கள். சின்ன வயதில் எண்ணெய் தேய்த்துவிட்ட முதுகு.

"ம்மா, ப்ளீஸ்ம்மா. ரெண்டு வரி."


மார்ச் 13, வெள்ளி

அம்மனுக்கும் சோறு இல்லை, எனக்கும் இல்லை. மற்றவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள்.


மார்ச் 14, சனி

தெருமுனையில் பேனர் கட்டிவிட்டார்கள். பிரகதீஷ் ஓடுகிறான், பின்னால் சிறுத்தை ஓடுகிறது. வட்டச் செயலாளர், வார்டு ஆட்கள், எல்லார் முகமும் என் மகன் முகத்தைவிடப் பெரிது. கீழே மூலையில் நான், கை கூப்பிக்கொண்டு. நாத்தனார் மகள் கல்யாணத்தில் வரவேற்பில் நின்ற படத்தை வெட்டி எடுத்திருக்கிறார்கள். "விரதம் இருக்கும் வீரத்தாய்" என்று போட்டிருக்கிறது. கூசிப்போய்த் தலையில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு கடைக்குப் போனேன்.

திரும்பும்போது எதிர்வீட்டு ஜெசிந்தா அக்கா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கு இது தவக்காலம், கவிச்சி தொடுவதில்லை.

"என்ன தையலு, கண்ணெல்லாம் உள்ள போயிருச்சு. நீ மாவு, நான் கஞ்சி. உன் புள்ளைக்கு மட்டும் ஒரு ஆட்டு மந்தையே போவுது போலருக்கு, பின்கட்டுலேருந்து வர்ற வாசன எங்க வீட்டு நாய தூங்கவிட மாட்டேங்குது."

சிரித்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு.

அவர் குரலைத் தணித்தார். "செவ்வாக்கிழம வந்தவங்க எங்க வாசப்படிலதான் ஒக்காந்திருந்தாங்க. தண்ணி வாங்கிக் குடிச்சாங்க. அந்தப் பொண்ணு பாவம், உன் வீட்ட காமிச்சு, உள்ள ஆள் இருக்காங்களாம்மான்னு கேட்டுச்சு. வெளக்கு எரியுதே, இருப்பாங்கன்னு சொன்னேன். தப்பா?"

"தப்பில்லக்கா."

"நாளைக்கு யாரு கேட்டாலும் அதத்தான் சொல்வேன். ஒனக்குக் கோவம்னா இப்பவே கோவிச்சுக்க. ஈஸ்டருக்குள்ள ராசியாயிரலாம்."

"எனக்கு என்னக்கா கோவம்."

வீட்டில் சொன்னேன். என் கணவர் பேப்பரை மடித்தார். "அந்தம்மாகிட்ட யாரு கேக்கப் போறா? கேட்டாலும், எதிர்வீட்டுக்காரி, வயித்தெரிச்சல்னு சொல்லிட்டாப் போச்சு."

ஜெசிந்தா அக்கா எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தபோது, ஒரு மாதம் இந்த மனிதருக்கும் இந்தப் பையனுக்கும் சோறு பொங்கிப் போட்டவர். அந்தச் சோற்றைத் தின்றவர்தான் இவர்.


மார்ச் 15, ஞாயிறு

துணி துவைத்தேன். பிரகதீஷின் தலையணை உறையைத் தனியாக ஊறவைத்தேன். எண்ணெயும் சீழும் ரத்தப் புள்ளியும். அந்த வாடை வியர்வை வாடை இல்லை. துருப்பிடித்த இரும்பும் ஏதோ மருந்தும் கலந்த மாதிரி. சோப்புத் தண்ணீரில் கை வைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பெற்ற பிள்ளையின் துணிக்கு முகம் திருப்புகிறவளா என்று இருந்தது. திருப்பித்தான் துவைத்தேன்.

மத்தியானம் என் கணவர் யாரிடமோ போனில் பெருமை அடித்துக்கொண்டிருந்தார். அவர் போனில் பேசினால் தெருவுக்குக் கேட்கும்.

"சோதனைக்காரங்களுக்கு முன்னால்லாம் ராத்திரி ஒம்போது மணின்னுதான் போட்டுவெச்சிருந்தான் மாப்ள. போன வாரம் அவனே விடியக்கால அஞ்சு மணிக்கு மாத்திட்டான். ஏன்டான்னேன். அம்மா பூஜை பண்ற நேரம்ப்பா, அந்த நேரம் வீடே அமைதியா இருக்கும்னான். என்னா பக்தி பாத்தியா!"

அந்த நேரத்தில் நான் எழுந்து கதவைத் திறக்க மாட்டேன் என்பது அவனுக்குத் தெரியும்.  மீதித் துள்ளுமாவை அப்படியே மூடி வைத்தேன்.


மார்ச் 16, திங்கள்

பிரகதீஷ் கிளம்பினான். கிழக்கே, நமக்கு முன்னால் பொழுது விடியும் நாடு. ஊர்ப் பெயரை அவன் சொன்னான், என் நாக்கில் நிற்கவில்லை. அங்கே இன்னும் பனி கொட்டுகிறதாம், அதனால் கூரைக்குள்ளேயே ஓட்டம். அறுபது மீட்டர். நம் வீட்டு வாசலிலிருந்து தெருமுனைப் பிள்ளையார்வரைகூட வராது.

பெட்டி கட்டும்போது அறைக் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன்.

"அந்த ஊசி என்னன்னு சொல்லு."

"வைட்டமின்னு சொன்னேன்ல."

"பேரு படிச்சேன்டா."

நிமிர்ந்து பார்த்தான். கழுத்து ஒரு வருடத்தில் இவ்வளவு பருத்துவிட்டதா என்று அப்போதுதான் பட்டது. "உங்களுக்கு என்னம்மா தெரியும்? எட்டாங்கிளாஸ். நாலு எழுத்து கூட்டிப் படிச்சா டாக்டரா?"

அவன் சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்தேன். அவனுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது போல. பக்கத்தில் வந்து தோளில் கை வைத்தான். "எல்லாரும் போடறாங்கம்மா. போடாதவன் மொத சுத்து ஹீட்ஸ்லயே வெளிய. நான் மட்டும் மாங்கா மடையனா நிக்கணுமா?" சொன்ன வேகத்தில் நிறுத்திக்கொண்டான். "வைட்டமினத்தான் சொல்றேன்."

பிறகு காலில் விழுந்தான். மஞ்சள் கயிறு கேட்டான். கட்டிவிட்டேன். முடிச்சு சரியாக விழவில்லை, அவனே இன்னொரு கையாலும் பல்லாலும் இழுத்து முடிந்துகொண்டான்.

வண்டி போன பிறகு சமையலறைக்கு வந்தேன். அந்த டப்பா சிங்க்கில் கிடந்தது, காலியாக, கழுவாமல். உள்ளே ஒட்டிக்கொண்டு ஒரு துண்டுப் பஞ்சு. அதை நான்தான் கழுவி எடுத்துவைப்பேன் என்று போட்டுவிட்டுப் போயிருக்கிறான். இடுக்கியால் பிடித்துக் குப்பை வண்டியில் போட்டேன். இடுக்கியையும் போட்டேன்.


மார்ச் 18, புதன்

பூஜை முடிந்த பிறகும் இன்று யாரோடும் பேசவில்லை. என் கணவர் காதுக் கருவியில் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைத்து மாற்றினார்.


மார்ச் 19, வியாழன்

சமயபுரம் போனேன். கூடை கூடையாகப் பூ. கூட்டத்தில் ஒருத்தி பேனரில் பார்த்ததாகச் சொல்லி என் காலைத் தொட்டாள். "உங்கள மாதிரி அம்மா கிடைக்கணும்" என்றாள். காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன், சாணியை மிதித்துவிட்ட மாதிரி. அவள் என்ன நினைத்தாளோ.

சன்னிதியில் நின்றேன். அவன் ஜெயிக்க வேண்டும் என்று கேட்க வாய் வரவில்லை. தோற்க வேண்டும் என்றும் வரவில்லை. பின்னால் இருந்தவர்கள் தள்ளினார்கள். நகர்ந்து வெளியே வந்த பிறகுதான் உறைத்தது, ஒன்றுமே கேட்கவில்லை என்று. கையெடுத்துக் கும்பிட்டேனா என்பதுகூட நினைவில்லை.

இவள் நமக்காகக் கிடக்கும் பட்டினி உண்மை. என் பட்டினிக்குள் அன்றைக்கு ஓதிய இரண்டாவது நூற்றெட்டும் இருக்கிறது. அதை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது?

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது.


மார்ச் 21, சனி

காலையில் ஹீட்ஸ். என் கணவர் டிவியில் போனை இணைத்து, தெரு ஆட்களைக் கூப்பிட்டுக் கூடம் நிறைய உட்காரவைத்துவிட்டார். நான் சமையலறை வாசலில் நின்று பார்த்தேன்.

கூரை போட்ட பெரிய மண்டபம். எட்டுப் பாதை. எட்டுப் பேரும் குனிந்து விரலை ஊன்றினார்கள். துப்பாக்கி வெடிப்பதற்குள் ஒருவன் அசைந்துவிட்டான், அவனை வெளியே அனுப்பினார்கள். மறுபடி குனிந்தார்கள். வெடித்தது. நான் ஒரு மூச்சு இழுத்து விடுவதற்குள் முடிந்துவிட்டது. ஓடிவந்த வேகத்தில் நிற்க இடம் கிடையாது, எதிரே மெத்தை கட்டிய சுவர். ஒவ்வொருவனும் அதில் போய் மோதி நிற்கிறான். பிரகதீஷ் இரண்டாவது. அடுத்த சுற்றுக்குத் தேர்வு.

கூடத்தில் விசில். ஒரு பையன் என் வீட்டு நாற்காலி மேல் ஏறி ஆடினான்.

பிறகு பேட்டி. காமிராவை அவன் முகத்துக்கு அருகே கொண்டுபோனார்கள். தாடை எலும்பு புடைத்து, கழுத்து நரம்பு கயிறு மாதிரி. மணிக்கட்டை உயர்த்தி மஞ்சள் கயிற்றை முத்தமிட்டான். ஆங்கிலத்தில் சொன்னான். என் அம்மா எனக்காக ஒரு மாதம் வெறும் பச்சை மாவு சாப்பிட்டு விரதம் இருக்கிறார், அவருடைய தூய்மைதான் என் காலில் ஓடுகிறது, என்று.

எட்டாம் கிளாஸ்தான். எல்லாம் புரிந்தது.

கூடத்தில் எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்துக் கை தட்டினார்கள். சீ என்று வந்தது. என் பட்டினியைக் கொண்டுபோய் அத்தனை பேர் முன்னாலும் காறித் துப்பிவிட்டான். எச்சில் பட்டது அம்மன் மேலும்தான். உள்ளே போய் வாயைக் கொப்பளித்தேன். பிறகும் கொப்பளித்தேன். பொய் சொன்னவன் அவன், என் வாய் ஏன் நாறுகிறது?


மார்ச் 22, ஞாயிறு

காலையில் அரையிறுதி தாண்டிவிட்டான். சாயங்காலம் இறுதி ஓட்டம். கூடத்தில் இன்று இன்னும் கூட்டம். வட்டச் செயலாளர் மாலையோடு வந்து காத்திருந்தார், மாலை போட வேண்டியவன் இல்லாத வீட்டில்.

வெடித்தது. முடிந்தது. முதல் இரண்டு பேர் தெளிவாகத் தெரிந்தார்கள். மூன்றாவதும் நான்காவதும் வந்தவர்கள் ஒன்றாக நெஞ்சை நீட்டிக்கொண்டு விழுந்தார்கள். பலகையில் பெயர் வரவில்லை. படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறார்கள் என்றார்கள். அதுவரை பிரகதீஷும் இன்னொருவனும் மெத்தைச் சுவரில் சாய்ந்து பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த இன்னொருவன் ஏதோ சின்னத் தீவு நாட்டுப் பையன். ஒல்லி. கை கால் எல்லாம் இயற்கையாக வளர்ந்த மாதிரி இருந்தது. தனக்குத்தான் என்று நம்பிச் சிரித்துக்கொண்டே நின்றான்.

ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி. பிரகதீஷ் மூன்றாவது. வெண்கலம்.

பிரகதீஷ் கொடியைப் போர்த்திக்கொண்டு ஓடினான். காமிரா அவன் பின்னாலேயே போயிற்று. ஓரத்தில் ஒரு கணம்தான் தெரிந்தது, அந்த ஒல்லிப் பையன் மெத்தையில் நெற்றியை முட்டிக்கொண்டு அப்படியே நின்றான். மருந்து போட்டவன் அவனும்தானோ என்னவோ, எனக்குத் தெரியாது. இவனைப் பற்றித்தான் எனக்குத் தெரியும்.

தெருவில் சரவெடி. ஜெசிந்தா அக்கா வீட்டு நாய் பயத்தில் எங்கள் வாசலுக்கு ஓடிவந்தது. என் கணவர் அழுதார், அவர் அழுது நான் பார்த்ததில்லை. லட்டு டப்பாவோடு சமையலறைக்கு வந்தார்.

"இன்னிக்காவது ஒரு வாய் போடு. அம்மன் மன்னிப்பா."

"வேண்டாங்க."

"சரி. நாளைக்குப் பதினோரு மணிக்கு அந்த மேடம் போன் பண்ணும். மாஸ்டர் இப்பத்தான் ஞாபகப்படுத்தினாரு. பெல் அடிக்கல. அவ்வளவுதான்."

"அடிச்சுதுங்க."

"தையலு."

"அடிச்சுது. நான் கேட்டேன். அவனும் கேட்டான். கால ஊனிட்டு ஒக்காந்திருந்தான்."

லட்டு டப்பாவை மேடையில் வைத்தார். வெளியே கூட்டம் இருந்ததால் குரலை உயர்த்தவில்லை. "மெடல்டி. நாடே பாக்குது. வேலை, வீடு, எல்லாம் அதுலதான் இருக்கு. நீ வாயத் தெறந்தா நாளைக்கே பேப்பர்ல நம்ம புள்ள பேரு நாறிடும். பெத்தவதானா நீ?"

"நாறுது. ரொம்ப நாளா நாறுது. தொவைக்கறவ நான், எனக்குத் தெரியும்."

அவர் என்னைப் பார்த்தார். நான் புடவையில் எதையோ ஒட்டிக்கொண்டு வந்து நிற்கிற மாதிரி. பிறகு டப்பாவை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போய்விட்டார்.

பூஜை மாடத்தின் முன்னால் உட்கார்ந்து பிரகதீஷுக்குப் போனில் தட்டினேன். அனுப்பியதை இங்கேயும் எழுதிவைக்கிறேன்.

"பிரகதீஷ், அம்மா. பார்த்தேன். வெண்கலம்.

நாளைக்குப் பதினோரு மணிக்கு அந்த அம்மாள் என்னிடம் கேட்பார். பெல் அடித்தது, கதவைத் தட்டினார்கள், என் மகன் வீட்டில் விழித்திருந்தான், நான் எழுந்து திறந்திருக்கலாம், திறக்கவில்லை என்று சொல்வேன். பூஜை முடிந்த பிறகும் வேண்டுமென்றே உட்கார்ந்திருந்தேன் என்பதையும் சொல்வேன். ஊசியைப் பற்றி அவர் கேட்டால், பார்த்ததைச் சொல்வேன், படித்த பெயரையும் சொல்வேன்.

உன்னைக் காட்டிக்கொடுக்க எனக்கு ஆசை இல்லை. உன் பனியனை மோந்து பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு துவைக்கிறேன். இனி அது என்னால் ஆகாது. என் விரதத்தின் பேரை இனி எந்த மைக்கிலும் சொல்லாதே.

நீயே முதலில் அவர்களைக் கூப்பிட்டுச் சொல்லிவிடு. சொன்னால் வேலை போகும், மெடல் போகும். போகட்டும். வீட்டுக்கு வா. முதுகுக்கு மருந்து போடலாம்.

சொல்வாயா, மாட்டாயா? பதினோரு மணிக்கு முன்னால் எனக்குத் தெரிய வேண்டும். மாஸ்டரிடம் கேட்காதே, அப்பாவிடம் கேட்காதே. சீக்கிரம் பதில் போடு."